பிளக்குக்கு நகப்பூச்சு

மனைவியின் அக்கா கொழும்பில் வீடு மாறியபோது தன் பழைய வக்யூம் கிளீனரை எங்களுக்குத் தந்துவிட்டார். நாங்கள் இருந்தது மன்னார்த் தீவில், பேசாலையில். கடற்கரை மணல் காலோடு வந்து பாயிலும் படுக்கையிலும் குடியிருக்கும் ஊர். எண்பதுகளின் நடுப்பகுதி, சண்டை தொடங்கிவிட்டது, மின்சாரம் இன்னும் நின்றுபோகவில்லை.

மெஷினின் பிளக் தேய்ந்து, வயர் அதன் கழுத்தில் பிய்ந்திருந்தது. மனைவி தானே கழற்றினாள். பிய்ந்த துண்டை வெட்டி எறிந்து, செப்புக் கம்பிகளை முறுக்கித் திருகாணிகளில் சுற்றி இறுக்கினாள். மெஷின் உறுமியது. அதற்கு மேலால் கோயில் பாட்டை உரத்துப் பாடியபடி வீடு முழுவதும் இழுத்துத் திரிந்தாள்.

எனக்கு அந்தச் சத்தம்தான் பயம். கடல் பக்கமாக ஹெலி வந்து சுட்டுவிட்டுப் போகும் காலம். தூரத்திலேயே கேட்டால்தான் பங்கருக்குள் ஓடலாம். மெஷின் ஓடினால் ஒன்றும் கேட்காது. பயம் என்று சொல்ல, கந்தோரில் உத்தியோகம் பார்த்த எனக்கு வெட்கம். அவள் காலைப் பூசைக்குப் போன நேரம் பிளக்கைத் திறந்து, ஒரு வயரை வெளியே இழுத்துவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, நான் இறுக்கினது காணாது போல" என்று திரும்பப் பூட்டினாள். திரும்ப இழுத்துவிட்டேன்.

"என்ரை கையிலை ஒண்டும் நிக்காது அக்கா" என்று வேலியால் அடுத்த வீட்டு அக்காவிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. பேசாமல் இருந்தேன். வயரைக் கழற்றியதைவிட அந்த மௌனம்தான் இன்றும் உறுத்துகிறது.

மூன்றாம் முறை, அவள் வெளியே போய்ப் படலையைச் சாத்திய சத்தம் கேட்டதும் வேலையை முடித்தேன். பூசையால் வந்தவளுக்குத் தேத்தண்ணீரும் ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையை வாங்கியவள் என் கையைப் பார்த்தாள்.

"எப்ப தொடக்கம் கியூடெக்ஸ் போடுறியள்?"

பெருவிரலில் சிவப்பு நகப்பூச்சு.

"திருகாணி கழராமல் இருக்கட்டும் எண்டு போகேக்கை தடிப்பாப் பூசினனான். அது உங்கடை விரலுக்கு எப்பிடி வந்தது?"

எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பாள் என்று பார்த்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கள்ளன்! பயமாக் கிடக்கு எண்டு ஒருக்காச் சொல்லேலாதோ? எனக்கு மட்டும் பயமில்லையே? அந்தச் சத்தத்துக்கைதான் கொஞ்ச நேரம் ஒண்டும் கேளாமல் இருக்கிறன். போங்கோ, என்ரை கையிலை பிழையில்லை எண்டு அக்காவுக்குச் சொல்லிப்போட்டு வாங்கோ."

போய்ச் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் மெஷின் ஓடும்போது நான் குசினி வாசலில் வானத்துக்குக் காது கொடுத்து நிற்பேன். வயரில் ஒரு கை. ஏதும் கேட்டால் பிளக்கை இழுக்க. உள்ளேயிருந்து அவள் கத்துவாள்:

"கேக்குதோ?"

"இல்லை. நீர் பாடும்!"