அந்தச் சொற்கள் ராசம்மாவுடையவை

போன வெள்ளிக்கிழமை காலையில் போன் அடித்தது. தெரணியகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சுமதி. "சார், அம்மா போயிட்டாங்க. நீங்க கட்டாயம் வரணும். உங்களைப் பத்தித்தான் எப்பவும் பேசுவாங்க." வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். ராசம்மாவின் மகள் சொன்னதும், போகாமல் இருக்க ஒரு சாக்குத் தேடினேன்.

பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் அவர் கையில் வளராத பிள்ளை எங்கள் தோட்டத்தில் குறைவு. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஒரு கிழிந்த அகராதியைப் படிப்பார். துரை பங்களாவில் வேண்டாமென்று போட்ட ஆங்கில-சிங்கள அகராதி. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிங்களப் பொருளைத் தமிழாக்கி, ஒரு சொல் விடாமல் வரிசையாகக் கொப்பியில் எழுதினார்.

"தேவையானதை மட்டும் எழுதினாப் போதாதா அக்கா?" என்று ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன்.

"லயத்துல வரிசையா அடுத்தடுத்த காம்பராவுல இருக்கிறவங்க எல்லாம் சொந்தக்காரங்களாங்க சார்? அதுக்காக யாரையாச்சும் விட்டுட்டுப் போக முடியுமா?" என்றார். பிறகு கொப்பியை நீட்டிச் சிரித்தார். "இங்க பாருங்க. லேபர்னா உழைப்பு. லேடினா சீமாட்டி. ரெண்டும் ஒரே பக்கம். நடுவுல லேடர், ஏணி. எவ்வளவு கிட்ட வச்சிருக்கான்!"

நான் அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியன். அரசாங்க நியமனம் கிடைக்காமல் வருடக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்தேன். வகுப்புக்கென்று அந்தக் கொப்பியை இரவல் வாங்கினேன். கொழும்பிலிருந்து வந்த பதிப்பகத்தார் சிலர் அதை என் மேசையில் பார்த்து, "நீங்க எழுதினதா?" என்று கேட்டார்கள். இல்லையென்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆமென்று தலையை ஆட்டிவிட்டேன்.

புத்தகம் என் பெயரில் அச்சானது. வெளியீட்டன்று மேடையில் நான் பொன்னாடையோடு. விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தவர் ராசம்மா. அவருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். அதில் 'ராசம்மாவுக்கு ஆசிகளுடன்' என்று கையெழுத்து வேறு! சீ, என்ன மனிதன் நான்!

இரண்டு நாள் கழித்துப் பிள்ளைக்காம்பரா வாசலில் என்னை நிறுத்தினார். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். "'எம்'ங்கிற இங்கிலீசு எழுத்துல ரெண்டு சொல் விட்டுப்போச்சுங்க சார். அடுத்த தடவை சேத்துடுங்க," என்றார். பிறகு மெதுவாக, "கீழ ஒரு மூலையில என் பேரையும் போட்டுருங்க" என்றார்.

"கட்டாயம் அக்கா," என்றேன்.

அந்தப் புத்தகத்தைக் காட்டித்தான் எனக்கு நியமனம் கிடைத்தது. இரத்தினபுரிக்கு வந்துவிட்டேன். புத்தகம் இரண்டு தடவை மறுபடி அச்சானது. அவர் பெயரைப் போட்டால் முதல் பொய் வெளிவந்துவிடும் என்று பயந்து இரண்டு தடவையும் விட்டுவிட்டேன்.

சாவு வீட்டில் அவர் நெஞ்சின்மேல் அந்தப் புத்தகம் இருந்தது. "அம்மாவுக்கு இதுன்னா உசிருங்க சார். சார் போட்ட பொத்தகம்னு வர்றவங்களுக்கெல்லாம் காட்டுவாங்க," என்றாள் சுமதி. பெற்ற மகளிடம்கூட அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

என்னைப் பேசச் சொன்னார்கள். நல்ல மனுசி என்று ஏதோ உளறினேன். என் பெயர் போட்ட புத்தகத்தோடேயே அவரைக் குழியில் இறக்கினார்கள். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

அவரை அறிந்தவர்களே, அந்தப் புத்தகம் உங்களிடம் இருந்தால் என் பெயரை அடித்துவிட்டு ராசம்மா என்று எழுதுங்கள். அவர் கொப்பி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் ஒருநாளும் அதைத் திருப்பிக் கேட்டதில்லை. சுமதி, ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து வருகிறேன். நீ என்னை உள்ளே கூப்பிட வேண்டாம்.