கழுவாத பெட்டி

என் அம்மா ஆவுடையம்மாள் பொறுமைசாலி என்று இரங்கல் கூட்டத்தில் சொன்னார்கள். ஆமை வளர்த்தவர், ஆமையைப் போலவே நிதானமானவர் என்றார் விலங்கியல் துறைத்தலைவர் பாண்டியராஜ். கைதட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டும் கல்லூரி அது.

அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. புளியங்குடி பஸ் தாமதமானால் கண்டக்டரிடம் காரணம் கேட்பாள். காரணம் சரியில்லை என்றால் அதையும் சொல்வாள். அப்படிப்பட்டவள் இத்தனை வருடம் அந்தத் துறையில் பாடம் நடத்தினாள். அதைப் பற்றி யாராவது பேசியிருக்கலாம்.

ஆய்வகத்துக்குப் பின்னால் இரண்டு சிமெண்ட் தொட்டிகள். வனத்துறை அனுமதி வாங்கி அவற்றில் காராமைகளை வளர்த்தாள். மாணவர்கள் பார்த்துப் படிக்கவும், தன் ஆய்வுக்கும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மண்ணின் சூடு தீர்மானிக்கிறது. எந்தச் சூட்டில் எது என்று பார்ப்பது அவள் ஆய்வு. அதற்கு இரண்டு தெர்மோகோல் பெட்டிகள். சூடானது மேசைமேல், அதைவிடக் குளிர்ந்தது மேசைக்கு அடியில். சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியை நான் செய்து கொடுத்தேன். அது என் தொழில்.

ஆமை முட்டை கோழி முட்டை போல அல்ல. இட்டுச் சில நாட்களில் கரு உள்ளே மேல்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். அதனால் எடுக்கும்போதே மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். பிறகு யாரும் தொடக்கூடாது. துறையில் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். தலையாட்டினார்கள். அதில் அவர்கள் தேர்ந்தவர்கள்.

சென்ற வருடம் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. நாட்கள் அதிகம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். செப்டம்பரில் முட்டைகள் கிடைத்தன.

"இந்தத் தடவ பொரியுறதப் பாத்துட்டாப் போதும்ட்டி" என்றாள்.

வேறெதுவும் என்னிடம் கேட்கவில்லை. சிகிச்சைக்காகத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனேன். அந்த வாரம் ஆயுத பூஜை.

திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல் ஆய்வகத்துக்குப் போகச் சொன்னாள். நுண்ணோக்கி, தராசு, எலும்புக்கூடு எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். அது வருடா வருடம் உள்ளதுதான். அம்மாவும் தன் கத்தரிக்கோலுக்குப் பொட்டு வைப்பவள். மேசைமேல் இருந்த பெட்டியைத் திறந்தாள். மண்ணைக் காணோம். வெள்ளைத் துணிமேல் முட்டைகள், கழுவித் துடைத்து, கொழுக்கட்டைபோல் வரிசையாக. ஒவ்வொன்றிலும் ஒரு சந்தனப் பொட்டு.

பாண்டியராஜ் பின்னாலேயே வந்தார்.

"பாத்தீங்களா மேடம்? ஒரே மண்ணும் அழுக்குமா கெடந்துச்சு. எவனோ பென்சில்ல வேற கிறுக்கி வச்சிருந்தான். நானே நின்னு கழுவ வச்சேன்."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்க பிஎச்.டி. எதுல சார் வாங்குனீக?"

"மீன்ல, மேடம்."

"கொழம்பா, வறுவலா?"

அவர் சிரித்தார். அவருக்கு எதுவும் போய்ச்சேர ஒரு நாளாகும்.

கீழ்ப்பெட்டியைத் திறக்க அம்மாவுக்குத் தெம்பில்லை. நான் குனிந்து மூடியை எடுத்தேன். மண் அப்படியே இருந்தது. பென்சில் புள்ளிகள் மேலே தெரிந்தன.

ஆய்வக உதவியாளர் சாம்ராஜ் பூஜைப் பொரியைத் தின்றுகொண்டு வாசலில் நின்றார். அவருடைய சோம்பலை அம்மா திட்டாத நாளில்லை.

"ஏம்வே, இதக் கழுவலையா?"

"அதுக்குக் குனியணும்லா மேடம். இடுப்பு புடிச்சிக்கிடும். கழுவியாச்சுன்னு சாருட்ட சொல்லிட்டேன்."

"இந்த டிபார்ட்மென்ட்ல உருப்படியா நடந்தது உம்ம சோம்பேறித்தனம் ஒண்ணுதாம்வே."

"தேங்க்ஸ் மேடம்" என்று பொரியை நீட்டினார். அம்மா ஒரு பிடி எடுத்துக்கொண்டாள். பல நாட்களுக்குப் பிறகு, யாரும் வற்புறுத்தாமல் அவள் தின்றது அது.

மேல்பெட்டி முட்டைகள் ஒவ்வொன்றாக அழுகின. கீழ்ப்பெட்டியின் சூடு என் போனில் வரும். கட்டிலருகே உட்கார்ந்து படித்துச் சொல்வேன். கண்ணைத் திறக்காமல் தலையசைப்பாள். கார்த்திகையில் இறந்தாள். அடுத்த வாரம் முட்டைகள் பொரிந்தன.

இரங்கல் கூட்டத்தில் கைதட்டல் அடங்கியதும் பாண்டியராஜ் மேடைக்கு ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவரச் சொன்னார். "நமது துறையின் சாதனை" என்றார். உள்ளே குஞ்சுகள். ஒவ்வொன்றின் ஓட்டிலும் சந்தனப் பொட்டு. அம்மாவின் கணிப்புப்படி, அந்தக் குறைந்த சூட்டில் பொரிந்தவை எல்லாம் ஆண்கள். அவள் போனபின் துறையிலும் அப்படித்தான்.

என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"சாம்ராஜ் அண்ணாச்சியோட இடுப்புக்கு நன்றி" என்றேன்.

அதற்கும் கைதட்டினார்கள். சாம்ராஜ் மட்டும் தட்டவில்லை. உள்ளே போய்ப் பஞ்சும் தண்ணீரும் எடுத்துவந்து, "இந்தா பாப்பா" என்றார்.

ஒவ்வொரு ஓடாகத் துடைத்தேன். கடைசிக் குஞ்சு தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அது மறுபடி நீட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். போட்டோ எடுக்க வேண்டும், நகருங்கள் என்றார்கள். நகரவில்லை.