மொன்ட்ரியாலில் ஒரு பாலைவனச் சுவர்

அப்பா சுவருக்குத் தண்ணீர் வார்ப்பதைப் பார்க்க அயலவர்கள் பல்கனிக்கு வந்து நிற்பார்கள். அந்தக் கோடையில் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் புல்லுக்கும் பூக்கன்றுக்கும் தண்ணீர் வார்த்தவர்கள் பலர். சுவருக்கு வார்த்தவர் அப்பா ஒருவர்தான்.

அது நாங்கள் வாங்கிய முதல் வீடு. இரண்டாயிரத்துக்குப் பிறகு எந்த வருடம் என்று அம்மாவைக் கேட்டால்தான் தெரியும். நான் நாலாம் வகுப்பில் இருந்தேன் என்பது மட்டும் நிச்சயம். கீழ்வீட்டில் நாங்கள் இருந்தோம். மேல்வீட்டில் அம்மாவின் தம்பி, டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் மாமா. வீட்டின் முன்பக்கம் செங்கல். பக்கச் சுவர் முழுவதும் மணல் நிறத்தில் சிமெந்துப் பூச்சு. அந்தச் சுவருக்காகத்தான் அப்பா வீட்டையே வாங்கினார் என்று அம்மா சொல்வார். அதில் உண்மை இருக்கலாம். கனடாவுக்கு வருமுன் அப்பா எட்டு வருடம் சவூதியில், பாலைவன ஓரமாக இருந்த ஒரு கம்பனி வீடுகளின் வெளிச்சுவர்களைப் பராமரித்தவர். இங்கே டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலை இந்த நாட்டில் முதல் தடவையாக அவர் கைக்கு வந்திருந்தது.

பாலைவனத்துச் சட்டங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். வெயில் ஏறுமுன் சுவரைக் கழுவவேண்டும், அதுவும் கீழிருந்து மேலே. இல்லாவிட்டால் காய்ந்த பூச்சில் அழுக்குக் கோடு இறங்கிவிடும். வெடிப்புக்குப் பூசிய இடம் சட்டென்று காயக்கூடாது. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மூன்று நாள் நனைக்கவேண்டும். மொன்ட்ரியாலில் சாக்குக்கு எங்கே போவது? அம்மாவின் பழைய சேலைகள் சுவரில் தொங்கின.

“அக்கா, வீட்டுக்குச் சீலை உடுத்தியாச்சு. தாலி எப்ப?” என்றார் மாமா மேலிருந்து.

“நீ நல்லாச் சிரி. பத்து வருசத்தாலயும் இந்தச் சுவர் இப்பிடியே நிக்கும்” என்றார் அப்பா.

எனக்கும் ஒரு வேலை தந்திருந்தார். மயிரளவு வெடிப்புகளில் அப்பா சிலிக்கன் பசையை இழுத்துக்கொண்டு போக, சவர்க்காரத் தண்ணீரில் விரலைத் தோய்த்து நான் அதை அழுத்திச் சமப்படுத்த வேண்டும். என் விரல் சின்னது என்பதால் கிடைத்த பதவி அது. “ஒரு ஊசி நுழையிற இடமும் விடக்கூடாது. விட்டா காத்து மண்ணை உள்ளுக்கு ஊதிப்போடும்” என்று அடிக்கடி சொல்வார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அப்பா வேலைக்குப் போய்விட்டார். குழாயில் கொஞ்சம் பசை மிச்சம் இருந்தது. நான் சுவரோரம் குந்தி புதினாச் செடிகளை விலக்கிப் பார்த்தேன். தரைக்கு ஒரு சாண் மேலே, பென்சில் நுழையும் அளவில் வரிசையாக ஓட்டைகள் இருந்தன. அப்பா இவ்வளவையும் கவனிக்காமல் விட்டுவிட்டாரே என்று எனக்குப் பதறியது. ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அடைத்து, ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திவிட்டேன். அவர் வந்ததும் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவதாகத்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் அவர் வந்ததும் முதலில் கண்ணில் பட்டது வெறுமையான பசைக் குழாய். “ஆர் இதைத் தொட்டது? உது கண்ணில பட்டா என்ன நடக்கும் எண்டு தெரியுமே?” என்று அதட்டினார். அப்பா அதட்டுவது அபூர்வம். முடிந்துபோயிருந்தது, குப்பையில் போட எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். பிறகு பள்ளிக்கூடம் தொடங்கியது, பனியும் வந்தது.

பனி உருகிய பங்குனியில் அம்மாதான் முதலில் கண்டார். “இஞ்சாருங்கோ, ஓடிவாங்கோ! சுவர் வீங்கிக் கிடக்கு.”

அடிப்பக்கத்தில் பூச்சு ஒரு தலையணை அளவுக்கு வெளியே தள்ளி நின்றது. அதைச் சுற்றி வெடிப்புகள். உள்ளே என் அறையில் பெயின்ற் கொப்பளித்து ஈர மணம் அடித்தது. அம்மா என் கட்டிலை ஹோலுக்கு இழுத்துப் போட்டார்.

“அத்தான்ரை சவூதிச் சுவர் பிள்ளைத்தாச்சியாப் போச்சு” என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. சுவர் முழுவதையும் உடைத்துக் கொட்டிவிட்டு அலுமினியத் தகடு அடிப்பதுதான் வழி, அதுவரை எல்லோரும் வேறெங்காவது போய் இருக்கவேண்டும் என்றார். இந்த வீட்டை வாங்கியதே பிழையோ என்று அம்மா கேட்டார். அப்பா ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமல் நேரே பக்கச் சுவருக்குப் போய், அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார்.

நான் அடைத்த ஓட்டைகளால்தான் இது வந்தது என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்ததா, அல்லது பிறகு தெரிந்துகொண்டதை அந்த நாட்களுக்குள் போட்டுப் பார்க்கிறேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. எனக்கும் இன்று ஒரு மகள் இருக்கிறாள்; அவள் வயிறு நோகிறது என்று சொன்னால் வயிற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விசாரிக்கிறேன். எனக்கு அந்தக் கிழமை முழுவதும் வயிறு நொந்தது. அது மட்டும் உண்மை.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த ஹெய்ட்டிக்காரரை அப்பா கூட்டிவந்தார். உடைப்பதென்றால் அவர் வாயால் கேட்டுவிட்டு உடைக்கலாம் என்பது அப்பாவின் எண்ணம். அவர் பேசியது பிரெஞ்சு. எங்கள் வீட்டில் பிரெஞ்சு என்றால் நான்தான். கடிதம் வந்தாலும் கதவு தட்டினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்றும் சுவருக்கு முன்னால் அப்பாவுக்கும் அவருக்கும் நடுவில் என்னை நிறுத்தினார்கள். அம்மாவும் மாமாவும் பின்னால் நின்றார்கள்.

பூச்சுக்காரர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பிறகு முழங்காலில் நின்று, காய்ந்த புதினாத் தண்டுகளை விலக்கி, ஓர் ஆணியை எடுத்துக் கிண்டினார். வெள்ளையாக ஏதோ கழன்று விழுந்தது. அதன் பின்னாலேயே பழுப்பு நிறத் தண்ணீர் நூல் போல வழிந்தது. இரண்டாவதைக் கிண்டினார், மூன்றாவதைக் கிண்டினார். சுவரோரம் முழுவதும் தண்ணீர் ஓடத் தொடங்கியது. அவர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

“என்னவாம்?” என்று கேட்டார் அம்மா.

“சுவருக்கு ஒண்டுக்கு முட்டியிருந்ததாம்” என்றேன்.

மாமா வெடித்துச் சிரித்தார். பூச்சுக்காரர் தொடர்ந்து சொல்ல நானும் மூச்சு விடாமல் சொன்னேன். மழையும் பனியும் எப்படியும் பூச்சுக்குப் பின்னால் கொஞ்சம் போகுமாம். அது வடிவதற்குத்தான் இந்த ஓட்டைகளாம். வடிய வழியில்லாமல் உறைந்துதான் தள்ளியிருக்கிறதாம். வீங்கிய இடத்தை மட்டும் வெட்டிப் பூசினால் போதும், மற்றச் சுவர் நல்ல சுவர், உடைக்கத் தேவையில்லையாம்.

“கடவுளே” என்று அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பூச்சுக்காரர் விழுந்து கிடந்த பசைக் கட்டி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து, எங்கள் எல்லோரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். இதையெல்லாம் யார் அடைத்தது என்பதுதான் கேள்வி.

“இப்ப என்னவாம்?” என்றார் அம்மா.

“காய ரெண்டு கிழமை செல்லுமாம்” என்றேன்.

அப்பா அந்தக் கட்டியை அவருடைய கையிலிருந்து எடுத்தார். அதன் தலையில் ஒரு சின்ன விரல் அழுத்திய குழி இருந்தது. புரட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்துப் பூச்சுக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார். அம்மா பக்கம் திரும்பி, “நான்தான் அடைச்சனான். மண் பூந்திடும் எண்டு” என்றார்.

“இஞ்ச எந்த ஒட்டகம் அத்தான் மண்ணைக் கிளப்புது?” என்றார் மாமா.

“எட்டு வருசம் சுவர் பாத்த மனிசனுக்கு ஓட்டை எதுக்கெண்டு தெரியாதே?” என்றார் அம்மா. அவருக்குக் கோபமில்லை, ஆறுதலில் அழுகை வந்துகொண்டிருந்தது.

“தெரியேல்லையப்பா” என்று அப்பாவும் சிரித்தார்.

அன்று பின்னேரம் என் வயிற்றுவலி போய்விட்டது. புட்டை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அந்த வருடம் முழுவதும் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் மாமா ஒட்டகக் கதையைச் சொன்னார். அப்பாவும் கூட இருந்து கேட்டார். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அவரும் சில ஓட்டைகளை அடைத்திருப்பார், அதனால்தான் எல்லாவற்றையும் தானே செய்ததாக நினைத்துக்கொண்டார் என்று நம்பியிருந்தேன். என்னைவிட அதிர்ஷ்டக்காரி வகுப்பிலேயே இல்லை என்றும் நினைத்தேன்.

பூச்சுக்காரர் கேட்ட கேள்வியை நான் தமிழில் சொல்லவே இல்லை. அப்படியானால் அப்பா எதற்குப் பதில் சொன்னார் என்று அன்றைக்கு எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை.