டோர்த்தியாவின் முப்பத்து நான்கு வரிசைகள்

டோர்த்தியா கேலன்ட்டுக்கு வயது நாற்பத்தாறு. அதில் இருபத்திரண்டு வருஷத்தை, அண்ணன் எசேக்கியேல் திராட்சை விதையை மென்று முடிக்கட்டும் என்று காத்திருந்தே கழித்துவிட்டாள்.

தென்னாப்பிரிக்காவில், கிலியாத் கிராமத்தின் பின்பக்க மேட்டில் நின்றால் கடல் தெரியும். அந்த மேட்டில்தான் கேலன்ட் குடும்பத்தின் தோட்டமும் ஒயின் கூடமும். தோட்டம் அண்ணனுக்கு, கூடம் தங்கைக்கு என்று அப்பா பிரித்து வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதனால் விதையை மென்று, பழுத்துவிட்டதா என்று பார்த்து, பறிக்கும் தேதியைச் சொல்வது எசேக்கியேல். அவர் சொல்லும்வரை டோர்த்தியா கழுவின தொட்டிகளையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருக்க வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் பிப்ரவரியிலேயே பறிப்பு முடிந்து, ஆட்கள் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே கடல்காற்று நாள் முழுக்கக் கொடிகளைப் போட்டு உலுக்குகிறது. பழம் தன் இஷ்டத்துக்குத்தான் பழுக்கும். வெள்ளைத் திராட்சையாவது பரவாயில்லை, மார்ச் முதல் வாரம் கூடத்துக்கு வந்துவிடும். சிவப்பு ஷிராஸ் இருக்கிறதே, அது பழுத்து நிற்கும்போது சில வருஷம் ஈஸ்டரும் வந்து பக்கத்தில் நிற்கும்.

அந்த வருஷம் அப்படித்தான் நின்றது. ஈஸ்டர் ஞாயிறு வடமேற்கிலிருந்து மழை, மூன்று நாள் விடாது என்று ரேடியோ சொன்னது. ஷிராஸ் குலை நெருக்கமானது. நனைந்தால் தோல் வெடித்து ரெண்டே நாளில் பூசணம் பிடித்துவிடும். இருந்ததே முப்பத்து நான்கு வரிசை. அது போனால் அந்த வருஷம் கேலன்ட் பெயரில் ஒரு பாட்டில் சிவப்பு ஒயின்கூடக் கிடையாது.

"அண்ணே, வியாழக்கிழமை பறிச்சிடலாம்" என்றாள் செவ்வாய்க்கிழமையே.

எசேக்கியேல் ஒரு விதையைக் கடித்துப் பார்த்தார். "பச்சை வாடை இன்னும் போகலம்மா. சனிக்கிழமை கரெக்டா இருக்கும்."

"சனிக்கிழமை என்ன நாளு?"

"சனிக்கிழமை."

"கல்லறை வெள்ளையடிக்கிற நாளு."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "அட, ஆமால்ல."

ஊர் தேவாலயத்து பேண்டுக்குத் தலைவரே அவர்தான். ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்தில் நின்று ட்ரம்பெட் ஊத ஆரம்பித்து முப்பத்தேழு வருஷமாகிறது. அவருக்கு ஞாபகமில்லை.

மறந்தவர் தேதியையாவது மாற்றினாரா என்றால் அதுவும் இல்லை. வியாழன் போயிற்று. பெரிய வெள்ளியன்று கிலியாத்தில் யாரும் துரும்பைக்கூட எடுத்துப் போடமாட்டார்கள். முந்தின நாளே மஞ்சளும் வெங்காயமும் போட்டு ஊறவைத்த மீனை ரொட்டியோடு தின்றுவிட்டு, கோயிலுக்குப் போய் வருவார்கள். டோர்த்தியா அந்த மீனை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே வானத்தையே பார்த்தாள்.

சனிக்கிழமைச் சிக்கல் வேறு மாதிரி. பறிக்க வருகிற ஆட்களெல்லாம் பேண்டுக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான். ஈஸ்டருக்கு முந்தின நாள் ஊரே கூடி எல்லாக் கல்லறைக்கும் சுண்ணாம்படித்துப் புது மண் பரப்பும்; கடைசிக் கல்லறை வெளுக்கும்வரை ஒருத்தரும் நகரக்கூடாது என்பது வழக்கம். கேப்டவுனுக்குக் குடிபோனவர்கள் விட்டுச்சென்ற கல்லறைகளே நாற்பதுக்கு மேல். அவற்றால்தான் வேலை எப்போதும் சாயங்காலம்வரை இழுக்கும்.

அந்த நாற்பதையும் முதலிலேயே முடித்துவிட்டால்? வெளிச்சம் வந்ததும் வராததுமாக டோர்த்தியா டிராக்டரில் மண்ணும் சுண்ணாம்பு வாளியும் ஏற்றிக்கொண்டு தனியாகவே போனாள். ஊர்க்காரர்கள் வந்து சேர்ந்தபோது நாற்பத்து மூன்று கல்லறைகள் வெள்ளைவெளேரென்று, புது மண்ணோடு கிடந்தன. அவளுக்கு இடுப்பு நிமிரவில்லை.

கல்லறைத் தோட்டத்தைக் கண்காணிக்கும் மாக்தலேன் அத்தை குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"இது எங்க அள்ளினது?"

"நம்ம தோட்டத்து ஓரத்துல, அத்தை."

"கடல் மணல் இல்லையா?"

"எல்லாம் மண்ணுதானே அத்தை, அதுக்கென்ன."

"தோட்டத்து மண்ணைப் போட்டா பத்து நாள்ல களை மண்டிடும். செத்தவங்க எந்திரிச்சு வந்து களை பறிப்பாங்களா?"

பேண்டில் டிரம் அடிக்கிற யோனாஸ் மெதுவாகச் சொன்னான்: "அக்கா அவங்களுக்கும் ஷிராஸ் நடலாம்னு பார்த்திருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே நாற்பத்து மூன்றையும் சுரண்டி எடுத்தார்கள். கடற்கரைக்கு வண்டி ரெண்டு நடை போய் வந்தது. சுரண்டியதில் சுண்ணாம்பும் அழிந்துபோக, மறுபடி வெள்ளையடிப்பு.

"என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார் எசேக்கியேல்.

டோர்த்தியா தள்ளுவண்டியை அவர் காலை உரசினாற்போல் தள்ளிக்கொண்டு போனாள்.

முடியும்போது மணி மூன்று. காற்று வடமேற்கிலிருந்து வீசத் தொடங்கியிருந்தது. தோட்டத்து வாசலில் தண்ணீர் வாளிகளோடு அவள் மறித்து நின்றாள்.

"கையைக் கழுவுங்க எல்லாரும்."

"கழுவிட்டுத்தானேக்கா வர்றோம்."

"முழங்கை வரைக்கும். நகத்துல சுண்ணாம்பு இருந்தா சாறோட புளிப்பைத் தின்னுடும். அந்தப் புளிப்புக்குத்தான் நம்ம ஒயினைக் கேட்டு வர்றாங்க."

எசேக்கியேலை மட்டும் ரெண்டு தடவை திருப்பி அனுப்பினாள்.

உள்ளே வந்தவர் இரண்டாவது வரிசையிலேயே நின்றுவிட்டார். ஒரு குலையைத் தூக்கிப் பார்த்து, "இது இன்னும் நாலு நாள் தாங்கும் போலிருக்கே" என்றார்.

இருபத்திரண்டு வருஷமும் டோர்த்தியாவின் தொண்டைக்கு வந்தது.

"அண்ணே, ஒண்ணு கத்திரியை எடு, இல்ல போய் ட்ரம்பெட்டை எடு. நடுவுல நின்னு யோசிக்காதே."

எசேக்கியேல் கத்திரியை எடுத்தார். எடுத்தவர் ஒருத்தராக மூன்று பேர் வேலையைச் செய்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. இந்தக் கையை வைத்துக்கொண்டா இந்த மனுஷன் வியாழக்கிழமை சும்மா இருந்தார்?

இருட்டுவதற்குள் இருபத்து மூன்று வரிசை முடிந்தது. விளக்கு வைத்து மிச்சத்தையும் பறிக்கலாமா என்று அவளுக்குத் தோன்றியது. விடியலுக்கு முன்னால் எழுந்து ஊத வேண்டிய அந்த முகங்களைப் பார்த்தாள். "போங்க" என்றாள்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் மூன்றாவது பாட்டு நடக்கும்போது மழை விழுந்தது. உயிர்த்தெழுதலைப் பற்றி போதகர் பேசினார். டோர்த்தியா பதினோரு வரிசையை நினைத்துக்கொண்டு நனைந்தாள்.

புதன்கிழமை மழை விட்டபோது அந்தப் பதினோரு வரிசையும் வெடித்து, சாம்பல் பூத்துக் கிடந்தது. மைனாக்கள் கூட்டமாக இறங்கின. எசேக்கியேல் கூடத்துக்கு வந்து, நுரைக்கத் தொடங்கியிருந்த சாற்றில் ஒரு குவளை மொண்டு குடித்தார். நாக்கில் புரட்டினார்.

"வியாழக்கிழமை பறிச்சிருந்தா இந்த ருசி வந்திருக்காது."

டோர்த்தியாவும் குடித்துப் பார்த்தாள். அவர் சொன்னது நிஜம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"பதினோரு வரிசை போச்சு அண்ணே."

"போச்சுதான்" என்றவர் குவளையைக் கீழே வைத்தார். "நானும் காலண்டரைப் பார்த்துட்டேன். அடுத்த வருஷம் ஈஸ்டர் மார்ச்சுலேயே வந்துடுது. பழம் பழுக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்." ஈஸ்டர் தேதியைத் தானே பேசி முடித்து வைத்ததுபோல் ஒரு திருப்தி அந்த முகத்தில்.

அவள் பக்கத்திலிருந்த கத்திரியையும் கூடையையும் அவர் கையில் கொடுத்து, அந்தப் பதினோரு வரிசையில் அழுகினதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுத்தான் சாப்பிட வரவேண்டும் என்றாள்.