ராஜாங்கத்தின் தொண்டையும் ஆண்டாளின் சிங்கமும்

வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை வந்து காலை நீட்டிப் படுக்கிற இடத்தில் ராஜாங்கத்துக்கு நாலு ஏக்கர் நிலம். பாதி மக்காச்சோளம், பாதி மரவள்ளி. இரண்டுமே காட்டுப்பன்றிகளுக்கு உயிர். தொழில் என்னவென்று யாராவது கேட்டால் விவசாயம் என்பார். உண்மையில் அவருடைய தொழில் கத்துவது. முப்பத்தைந்து வருடமாகப் பரண்மேல் உட்கார்ந்து, மலையிலிருந்து இறங்கும் பன்றிகளைப் பார்த்து "ஊஊஊ... ஓய்ய்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறார். தகரம், பழைய சேலை, ரேடியோ எல்லாவற்றுக்கும் பழகிப்போன பன்றிகள் அந்தக் குரலுக்கு மட்டும் இன்னமும் மரியாதை கொடுக்கின்றன. ஊரில் வேறு யாரும் கொடுப்பதாகத் தெரியவில்லை.

மகன் அன்புச்செல்வனுக்கு கென்யாவில், நைரோபியில் வேலை. போன வருடம் ஒருநாள் போன் செய்து, அப்பாவையும் அம்மாவையும் சஃபாரிக்கு அழைத்துப் போகப்போவதாகச் சொன்னான்.

"இது அவசர அவசரமா சுத்தற டூர் இல்லப்பா. குடும்பத்தோட மெதுவா பாக்கறது. ஒரே எடத்துல வண்டிய நிறுத்திட்டு, சத்தம் போடாம உக்காந்து, மிருகம் வர்ற வரைக்கும் காத்துக்கினு இருக்கணும்."

"அதைத்தானடா நான் இங்க தெனம் பண்ணிக்கினு இருக்கேன்? இதுக்கு இன்னாத்துக்கு ஏரோப்ளேன்ல வரணும்?"

போக வேண்டாம் என்று அத்தோடு முடித்திருப்பார். ஆனால் பக்கத்தில் நின்ற ஆண்டாள் போனைப் பிடுங்கி, "நம்மூர் மாரியாத்தா கோயில்ல சிங்க வாகனம் இருக்குது இல்ல, முழிய உருட்டிக்கினு, மீசை வெச்சிக்கினு. நெசமான சிங்கத்துக்கு அப்பிடித்தான் மூஞ்சி இருக்குமாடா?" என்று மகனிடம் கேட்டாள். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் ஆண்டாள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான். வேறு எதையும் கேட்பதற்கு நேரம் இருந்ததில்லை. சின்னசேலத்தில் ரயிலேறி ஒருமுறை சேலம் போனதுதான் அவளுடைய உலகச் சுற்றுலா. அன்றைக்கும் பன்றி இறங்கிவிட்டது என்று பாதி நாளிலேயே திரும்பிவிட்டார்கள்.

ராஜாங்கம் பக்கத்து நிலத்து அம்மாசியிடம் காட்டை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். "தொண்டை கட்டிக்கினா மிளகு மென்னு" என்று அவனுக்கு நிர்வாகப் பொறுப்பையும் விளக்கினார்.

ஆப்பிரிக்காவில் மருமகள் விஜயலட்சுமி இருவருக்கும் தொப்பியும் மண் நிறச் சட்டையும் வாங்கி வைத்திருந்தாள். தங்கியது கூடாரத்தில். நல்ல கான்கிரீட் வீடு உள்ளவர்கள் எல்லாம் கடல் தாண்டி வந்து, துணிச் சுவருக்குள் படுத்து, ஆகா ஓகோ என்றார்கள். அம்மாசி பத்து வருடம் துணிச் சுவருக்குள்தான் குடியிருந்தான். யாரும் வந்து ஆகா என்று சொன்னதில்லை.

முதல் நாள் சிங்கம் இல்லை. இரண்டாம் நாள் இருந்தது, முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. ஓட்டுநர் ஜோசப் மெல்லிய குரலில், சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் தூங்கும் என்றான். "பஞ்சாயத்து ஆபீசுல வேலை போல" என்றார் ராஜாங்கம். அன்புச்செல்வன் அதை மொழிபெயர்க்கவில்லை. மூன்றாம் நாளும் அதே முதுகு. ஆண்டாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கோயிலில் திரை விலகக் காத்திருப்பவள் போல அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலுக்கவேயில்லை அவளுக்கு.

நாலாம் நாள் காலை, கடைசி வாய்ப்பு. ராஜாங்கத்துக்கு வண்டியிலேயே கண் சொக்கிவிட்டது. மணி எட்டிருக்கும். சிங்கம் முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்து எழுந்தது. பிடரி தெரிந்தது. ஆண்டாள் கைகூப்பினாள். மெல்ல, மிக மெல்ல, அது தலையைத் திருப்பத் தொடங்கியது.

அதே நேரம் புல்லுக்குள்ளிருந்து, வாலை நட்டுக்குத்தலாகத் தூக்கிக்கொண்டு ஒரு பன்றிக் கூட்டம் ஓடியது. அந்தக் குளம்புச் சத்தம் ராஜாங்கத்தின் தூக்கத்துக்குள் போய், முப்பத்தைந்து வருடத்தையும் ஒரே உலுக்கில் எழுப்பிவிட்டது.

"ஊஊஊஊ... ஓய்ய்ய்!"

பன்றிகள் போயின. மான்கள் போயின. மரத்திலிருந்த கழுகு போனது. சிங்கம், காட்டு ராஜா என்று நாமெல்லாம் தலையில் தூக்கிவைத்திருக்கிற அந்தச் சிங்கம், தலையைத் திருப்பாமலே புதருக்குள் பாய்ந்தது. ஆண்டாள் பார்த்தது வாலை மட்டும்தான். பக்கத்து வண்டியில் இருந்த வெள்ளைக்காரர்கள் ராஜாங்கத்தைப் பார்த்த பார்வையை மொழிபெயர்க்க மகன் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு ஆண்டாள் கணவனோடு பேசவில்லை. "சாப்ட வரச்சொல்லுடா உங்க அப்பார" என்று எல்லாம் மகன் வழியாகத்தான் போய்வந்தது. இத்தனைக்கும் இருவரும் இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

டூர் அட்டவணைப்படி அன்று மாலை 'பழங்குடிப் பண்பாடு', நாலு மணியிலிருந்து ஐந்தரை வரை. மசாய் கிராமம் ஒன்றில் இளைஞர்கள் எம்பி எம்பிக் குதித்தார்கள், வந்தவர்கள் படமெடுத்தார்கள். ஒருவர் பண்பாட்டை இன்னொருவர் ஒன்றரை மணி நேரத்தில் தெரிந்துகொள்கிற ஏற்பாடு அது. ராஜாங்கம் நேரே மாட்டுப்பட்டிக்குப் போய், ஒரு காளையின் முதுகில் சுழி சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்குச் சொந்தக்காரக் கிழவர் வந்து, அவரும் பக்கத்தில் நின்று தடவினார். இருவருக்கும் பேச்சே தேவைப்படவில்லை.

ஜோசப் வாயில் எதுவும் நிற்காது போல. காலையில் நடந்ததைக் கிழவரிடம் சொல்லிவிட்டான். கிழவர் சிரிக்கவில்லை. கம்பில் சாய்ந்துகொண்டு ஒன்று கேட்டார். மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"பன்னிய வெரட்டறது சரிதானாம். ஆனா உங்க சோளம் எங்க இருந்துச்சுன்னு கேக்கறாருப்பா."

ராஜாங்கம் காளையின் முதுகிலிருந்து கையை எடுத்தார். சோளம் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அம்மாசி பொறுப்பில் இருந்தது. காப்பதற்கு ஒரு கதிர்கூட இல்லாத இடத்தில் கத்தி, பெண்டாட்டி கேட்ட ஒரே ஒரு பொருளைத் துரத்திவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. சொல்லத்தான் தெரியவில்லை.

ஊருக்கு வந்தும் பேச்சு அரைகுறைதான். சிங்கம் எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம் எல்லாம் ஆண்டாள், "வாலு நல்லா இருந்துச்சு" என்று ஒரே பதிலைச் சொன்னாள்.

ஊருக்கு வந்த ஐந்தாம் நாள் விடியலில் ராஜாங்கம் பரணுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, செருப்பைப் பார்த்துக்கொண்டே, "நீயும் வர்றியா?" என்றார். இத்தனை வருடத்தில் அவளைப் பரணுக்கு அழைத்தது அதுதான் முதல்முறை. ஆண்டாள் போர்வையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

வெளிச்சம் பரவுகையில் சோளக்காட்டு ஓரத்தில் தாள்கள் அசைந்தன. ஒரு பெரிய தாய்ப்பன்றி. பின்னால் உடம்பெல்லாம் கோடு போட்ட ஏழு குட்டிகள். முப்பத்தைந்து வருடமாக இதுகளைப் பற்றிய வசவுகளை மட்டும் கேட்டு வந்த ஆண்டாள் இப்போதுதான் நேரில் பார்க்கிறாள். முதுகைக் காட்டிக்கொண்டு பன்றி முதல் கதிரை ஒடித்தது. இரண்டாவதை ஒடித்தது. குட்டிகளும் சேர்ந்துகொள்ள, வரிசை வரிசையாகத் தாள்கள் சாய்ந்தன. ராஜாங்கத்தின் தொண்டை தானாக விம்மியது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

பக்கத்து நிலத்திலிருந்து அம்மாசி அலறினான். "அண்ணே! தூங்கிட்டியா? மேயுது பாரு! கத்துண்ணே!"

ஆண்டாளுக்கே பொறுக்கவில்லை. அத்தனை நாளுக்குப் பிறகு மகன் இல்லாமல் நேராகப் பேசினாள்.

"இன்னாங்க இது? ரெண்டு வரிசை போய்டுச்சு. கத்துங்க!"

ராஜாங்கம் அவள் கையை அழுத்திப் பிடித்தார்.

"சும்மா இரு," என்றார், காற்றைப் போன்ற குரலில். "இன்னும் மூஞ்சியத் திருப்பல."