ருசி பார்க்காத பார்மேன்

முதலாளி முதல் மடக்கு குடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, விளக்கெண்ணெயை ஊற்றிவிட்டேனோ என்று நான் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். அசல் போர்பன் விஸ்கிதான்.

“என்ன சாமி, வேளாங்கண்ணிக் கடல்ல மொண்டு ஊத்தினீங்களா?” என்றார், மெதுவாக. ஹாலுக்குள் விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். இல்லாவிட்டால் மெதுவாகக் கேட்கிற ஆள் இல்லை அவர்.

பார் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் இதைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் கொஞ்சம் பயந்துகொண்டே சிரிக்க வேண்டும்.

1. பிராந்தி ஊரில் போர்பன்

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். திருச்சி கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஹோட்டலில் பார் இன்சார்ஜ். எங்கள் தெருவுக்கே இது தெரியும். ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தவர்கள் எல்லாம் பிற்பாடு பிள்ளைக்கு வேலை கேட்டு வந்தார்கள். நான் குடிப்பதில்லை. அதை ஆசாரம் என்று நினைத்து மரியாதை கொடுப்பவர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும். உண்மையில் எனக்கு அல்சர்.

முதலாளி அமெரிக்காவில் மகன் வீட்டில் போய் இருந்துவிட்டு, போர்பன் பைத்தியம் பிடித்துத் திரும்பி வந்தார். பெரும்பாலும் மக்காச்சோளத்தில் செய்கிற சரக்கு. புதுப் பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் கருக்கி, அதில் வருஷக்கணக்கில் ஊற விடுவார்கள். அக்காரவடிசலுக்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது சற்று அசந்தால் ஒரு வாசனை வருமே, கிட்டத்தட்ட அதுதான். முதலாளி கேஸ் கேஸாக இறக்கிவிட்டார். ஊரோ பிராந்தி ஊர். ஒரு வாடிக்கையாளர் மோந்து பார்த்துவிட்டு, தச்சுப் பட்டறை வாசனை அடிக்கிறது என்று கிளாஸைத் திருப்பித் தந்தார்.

கடைசியில் ஒரு ‘போர்பன் மாலை’ ஏற்பாடானது. அன்றைக்கும் ஓடவில்லை என்றால் பாரை எடுத்துவிட்டு ஜூஸ் கவுண்டர் வைத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். என்னை பேங்க்வெட்டுக்கு, அதாவது ஹோட்டலின் கல்யாண ஹாலுக்கு, மாற்றுவார்களாம். அங்கே காலியாக இருந்த ஒரே வேலை, கல்யாண வாசலில் நின்று பன்னீர் தெளிப்பது. எங்கள் தெருக்காரர்கள் ரிசப்ஷன் எல்லாம் அந்த ஹாலில்தான் வைப்பார்கள். தெருவே வரிசையில் வந்து என் கையால் பன்னீர் வாங்கிக்கொண்டு, “என்னடா, இங்க மாத்திட்டாளா?” என்று கேட்டுவிட்டுப் போகும்.

2. இரண்டு டப்பா

அன்றைக்குக் கலக்க வேண்டிய காக்டெயில் சுலபம்தான். போர்பன், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, ஐஸ். போட்டுக் குலுக்க வேண்டியது. கூட்டம் வரும் என்பதால் சாற்றையும் சர்க்கரையையும் முன்கூட்டியே பெரிய ஜாடியில் கலந்து வைத்தேன். கிச்சனில் இருந்த எலுமிச்சம்பழம் அத்தனையும் அதில் போயிற்று. பொடித்த சர்க்கரை டப்பாவை நானேதான் எடுத்து வந்தேன். அது பொடியுப்பு டப்பா.

கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும், வைக்கவில்லை. எங்கள் வீடுகளில் பெருமாள் அமுது செய்கிறவரை தளிகையில், அதாவது சமையலில், எதையும் ருசி பார்க்கக் கூடாது. உப்பு சரியா, புளி சரியா என்பதெல்லாம் கண்ணும் மூக்கும் சொல்ல வேண்டியது. அப்படிச் சமைத்துப் பழகிய கை, பாருக்கு வந்தும் அப்படியே கலந்துகொண்டிருந்தது. பெருமாளுக்குக் காட்டுகிற ஒழுங்கை விஸ்கிக்கும் காட்டிய மடையன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

3. சிங்க்கில் துப்பிய ருசி

கிச்சனுக்கு ஓடினேன். செஃப் ஆரோக்கியம், பொன்மலைக்காரர், நெய்யில் நேந்திரம்பழத்தை வதக்கிக்கொண்டிருந்தார். அதில் போர்பனை ஊற்றித் தீ மூட்டுவதுதான் அன்றைய ஸ்பெஷல். விருந்தாளிகள் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். புது எலுமிச்சம்பழம் வாங்க ஆள் அனுப்பினால் மெயின் கார்டு கேட் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்வான். இருக்கிற உப்புச் சாற்றைத்தான் எப்படியாவது தேற்ற வேண்டும். நீங்கள் ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்று அவரைக் கெஞ்சினேன்.

“நான் தவக்காலம் சாமி. ஈஸ்டர் வரைக்கும் தொடமாட்டேன். உங்க நாக்கு எதுக்கு இருக்கு?”

ஒருவருக்குத் தவக்காலம், இன்னொருவருக்கு அல்சர். இப்படி இரண்டு பேரை வைத்துக்கொண்டு போர்பன் மாலை நடத்தத் துணிந்த முதலாளியை என்ன சொல்வது?

ஆனால் செஃப் எனக்கு நேரம் வாங்கிக் கொடுத்தார். அடுப்பையும் வாணலியையும் தள்ளுவண்டியில் வைத்து ஹாலுக்குள்ளேயே போய், போர்பனை ஊற்றி, தீயைக் காட்டினார். ஜுவாலை குப்பென்று எழுந்தது. முன்னால் நின்றிருந்த திருவானைக்காவல் கான்ட்ராக்டர், எங்கள் பிராந்தி வாடிக்கையாளர்களில் மூத்தவர், இரண்டு கையையும் நீட்டித் தீயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கவுண்டரில் இருந்த எனக்கும் கை பாதிவரை எழுந்துவிட்டது.

எல்லோரும் பழத்தைத் தின்றுகொண்டிருந்தபோது, நான் உப்புச் சாற்றில் ஒரு ஸ்பூன் எடுத்து, சர்க்கரைப் பாகு ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்டு, போர்பனும் சோடாவும் சேர்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக நாக்கில் வைத்தேன். சிங்க்கில் துப்பினேன். உப்பு தூக்கலாக இருந்தது. சாற்றைக் குறைத்தேன், துப்பினேன். பாகைக் கூட்டினேன், துப்பினேன். துப்பியும் கொஞ்சம் உள்ளே போயிருக்க வேண்டும், ஏனென்றால் முதலாளி மேல் எனக்குத் திடீரென்று பாசம் வந்தது. பிறகு ஒரு தடவை துப்ப மனம் வரவில்லை. சரியாக வந்துவிட்டது என்று அப்போது தெரிந்தது.

முதல் கிளாஸை கான்ட்ராக்டரிடம் கொடுத்தேன். அவர் குடித்தால் மற்ற பிராந்திக்காரர்களும் குடிப்பார்கள். அவர் ஒரு மடக்கு குடித்துவிட்டு, கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் மனசுக்குள் பன்னீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“காந்தி மார்க்கெட்ல குடிப்போமே, ஸ்வீட்டு சால்ட்டு லெமன் சோடா. அதுல கொஞ்சம் சரக்கும் சேத்த மாதிரி இருக்கு. இன்னொண்ணு குடுங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இஞ்சி நெடி என்று சொல்லிக்கொண்டேன். ஜாடி காலியானது, கவுண்டர் தப்பியது. இன்றைக்கும் நான் அங்கேதான் நிற்கிறேன். அந்தச் சரக்கு மெனுவில் இருக்கிறது. உப்பு வேண்டுமென்றே போட்டது என்று முதலாளி எல்லோரிடமும் சொல்கிறார்.

4. பாடம்

அதற்குப் பிறகு எதைக் கலந்தாலும் நாக்கில் வைக்காமல் வெளியே விடுவதில்லை. பிள்ளைகளே, நீங்களும் அப்படியே செய்யுங்கள். மூக்கு ஏமாறும், கண் ஏமாறும். ஒரு சொட்டு நாக்கில் வையுங்கள்.

ஆனால் அந்தப் பழக்கத்தைக் கவுண்டரோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தளிகை செய்தேன். கொதிக்கிற ரசத்தில், எங்கள் பாஷையில் சாத்தமுதில், கரண்டியை விட்டு, உள்ளங்கையில் ஊற்றி நக்கிவிட்டேன். என் மனைவி பின்னாலேயே நின்றிருந்தாள்.

“பெருமாளும் உங்க கஸ்டமர் ஆயிட்டாரா? கொட்டிட்டு வேற வையுங்கோ.”

கொட்டிவிட்டு, குளித்துவிட்டு, மறுபடி வைத்தேன். நாக்கில் ஒரு சொட்டுப் படவில்லை. கண்ணாலும் மூக்காலும் மட்டுமே பார்த்து, பெருமாளுக்குக் காட்டி, இலையில் பரிமாறினேன். என் மனைவி ஒரு வாய் பிசைந்து சாப்பிட்டாள்.

“பெருமாள் பேசாம அமுது பண்ணிட்டார். எனக்கு வாய் இருக்கு, சொல்றேன். உப்பே போடலை.”