1539-ஐப் பாடமாக்கினேன்

பிரெஞ்சுத் தலைநகரில் ஈழத்தமிழர் கூடும் லாச்சப்பலில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமைக்கான நேர்முகத்துக்குப் போனவர், வீட்டுக்குத் திரும்ப முன்னர் ரூ பெர்தொனேயில் உள்ள தேநீர்க்கடைக்கு வந்து, என்ன கேட்டார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அடுத்துப் போகிறவர்கள் அதைப் பாடமாக்குவார்கள். என் முறை நெருங்கியபோது, போய்வந்த இரண்டு பேரும் ஒரே ஆண்டைச் சொன்னார்கள்: 1539.

முதல் தடவை வரலாறு போதாதென்று என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மனைவிக்குக் கிடைத்துவிட்டது, அவளோடு சேர்த்து மகளுக்கும் கிடைத்துவிட்டது. வீட்டில் நான் மட்டும்தான் வெளிநாட்டவன். விமான நிலையத்தில் அவர்கள் இருவரும் ஒரு வரிசையில் போவார்கள், நான் இன்னொன்றில் தனியே நிற்பேன். அங்கே நிற்கும்போதெல்லாம், என்னை மட்டும் பிடித்து வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கும்.

ஆகவே அந்த ஆண்டை விழுந்து விழுந்து படித்தேன். வழக்குகளும் தீர்ப்புகளும் இனி லத்தீனில் அல்ல, பிரெஞ்சில்தான் எழுதப்பட வேண்டுமென்று அரசன் சட்டம் போட்ட ஆண்டு அது. பிரெஞ்சுச் சொற்களை முன்னே வைத்து லத்தீனில் பொருள் சொல்லும் அகராதியொன்று அச்சானதும் அப்போதுதான். ஃபோன்தென்புளோ அரண்மனையில் இத்தாலிய ஓவியர்கள் அரசனுக்காக நீண்ட கூடமொன்றைச் சித்திரங்களால் நிறைத்திருந்தார்கள். அரசவைக் கவிஞன் பிரெஞ்சில் பெயர்த்த பைபிள் சங்கீதங்களும் அதே ஆண்டில் அச்சேறின. பாவம், மதத்துரோகி என்ற பழியால் சில ஆண்டுகளில் அவனும் நாட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று.

ரெஸ்ரோறன்ட் குசினியில் வெங்காயம் வெட்டியபடி இவற்றை ஒப்புவிப்பேன். கூட வேலை செய்யும் முல்லைத்தீவுக்காரர் திருத்துவார். அவருடைய நேர்முகம் எனக்கு அடுத்த கிழமை.

"அண்ணை, அகராதியை விட்டிட்டியள்," என்பார்.

மகளோ, "இதையெல்லாம் கேட்க மாட்டார்கள் அப்பா," என்று பிரெஞ்சில் சொன்னாள். எரிச்சல்தான் வந்தது. தாயின் கையைப் பிடித்துக்கொண்டே பிரெஞ்சுக்காரியானவளுக்கு என் பயம் எங்கே விளங்கப்போகிறது?

நேர்முகத்தில் இருந்த பெண் அலுவலர், பிரெஞ்சு எப்போது அரச மொழியானது என்று கேட்டார். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. சட்டம், அகராதி, கவிஞன், ஓவியக் கூடம் என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அந்தக் கூடத்தைப் பார்த்திருக்கிறீர்களா?" என்றார்.

இல்லை என்றேன். ரயிலில் ஏறினால் ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. லா கூர்னெவில் வீடு, லாச்சப்பலில் வேலை, இடையில் RER புறநகர் ரயில். அதற்கப்பால் நான் எங்கே போனேன்?

அவர் பேனையை வைத்தார். "சரி. அந்தச் சட்டத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

தேநீர்க்கடையில் யாரும் சொல்லாத கேள்வி. வாயில் வந்ததைச் சொன்னேன்: "நல்ல சட்டம், மடாம். என் அகதி வழக்கில் நீதிபதி பேசியது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், உயிர் தப்புமா என்று. அந்தக் காலத்துச் சனமும் லத்தீனைக் கேட்டு அப்படித்தான் நின்றிருக்கும்."

அவர் ஏதோ எழுதினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிவு தபாலில் வரும் என்றார். இன்னும் வரவில்லை, ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.

அன்று நேரே தேநீர்க்கடைக்குப் போனேன். முல்லைத்தீவுக்காரர் எனக்காகக் காத்திருந்தார்.

"என்ன அண்ணை கேட்டவை?"

"1539 தான். பிறகு, அந்தச் சட்டத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் எண்டு கேட்டவ."

அவர் சட்டைப்பையில் பேனையைத் தேடினார்.

"அதுக்கு என்ன அண்ணை விடை? ஆறுதலாச் சொல்லுங்கோ, நான் எழுதிறன்."